பச்சை வெல்வெற்றில் வெள்ளை மயிர்

மகள் வீட்டுக்குப் போனால் திரும்பி வரும்போது வாசலில் ஒரு சடங்கு உண்டு. கைபிடி வைத்த சின்ன உருளை ஒன்றை என்னிடம் நீட்டுவாள். அதைச் சுற்றி ஒட்டுத்தாள். சட்டையிலும் காற்சட்டையிலும் மேலும் கீழுமாக உருட்டினால் நாய்மயிர் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போன கிழமை எனக்குப் பின்பக்கம் எட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வளைந்து நெளிய, அவளுடைய நாய் சோபாவில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சோபாவில் அதற்கு நிரந்தர இடம். எனக்குக் கதிரை.

"அப்பா, திரும்புங்கோ. நான் செய்யிறன்" என்று மகள் வாங்கி உருட்டினாள். அந்தப் பசையின் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் போய்விட்டேன்.

எங்களிடம் அப்போது உருளை இருக்கவில்லை. மாஸ்கிங் ரேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, ஒற்றி ஒற்றி மயிர் எடுப்போம். 'எடுப்போம்' என்று பெருமையாகப் பன்மையில் சொல்கிறேன். எடுத்தவர் பூமணி அக்கா. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், பிறகு சாப்பிட்டவன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது.

நான் சோபாக்களுக்கு பிளாஸ்ரிக் உறை தைக்கும் இடத்தில் வேலை செய்தேன். சோபா என்று இப்போதுதான் சொல்கிறேன். அன்றைய ரொறன்ரோவில் அதற்குப் பெயர் செஸ்ரர்ஃபீல்ட். ஒருவன் ஆயுளில் ஒருமுறை வாங்குவான், வாங்கிய கையோடு எங்கள் முதலாளி நிக்கோவுக்குத் தொலைபேசி எடுப்பான். நிக்கோ கிரேக்கர். தடித்த கண்ணாடி பிளாஸ்ரிக்கைச் சோபாவின் மேலே போட்டு, ஊசி குத்தி, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வருவோம். கடையில் வைத்துத் தைத்து, இழுத்து மூடும் சிப் பூட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவோம். குளிர்காலத்தில் அது அப்பளம்போல விறைத்துவிடும், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் மாட்ட வேண்டும். கோடையில் அரைக்காற்சட்டையோடு அதில் இருந்தவன் எழும்பும்போது தொடைத்தோல் பாதி அங்கேயே நின்றுவிடும். விருந்தாளிகளுக்காக வாங்கிய வெல்வெற்றை விருந்தாளிகள் ஒருநாளும் தொட்டதில்லை. நான் இரசாயனத்தில் பட்டம் பெற்றவன். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் 'பிளாஸ்ரிக் துறையில் இருக்கிறேன்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அந்த நாட்களில் நகரத்தில் தமிழர் மிகக் குறைவு. தெருவில் ஒரு சேலை தெரிந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கிப்போய்க் கதைப்போம். குலசிங்கம் அண்ணை ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தார். அவரும் மனைவி பூமணி அக்காவும் வோபர்ன் பக்கம் ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். அந்தச் சாப்பாட்டுக்காக நான் என்னவும் செய்திருப்பேன். அதுதான் பின்னால் வந்த வினை.

அவர்களுடைய செஸ்ரர்ஃபீல்ட் கரும்பச்சை வெல்வெற். அவர்களுடைய நாய் ரஸ்டி, பாதி பழுப்பு, பாதி வெள்ளை, நீள மயிர். அண்ணையோடு வேலை செய்த ஒருவர் வன்கூவருக்கு மாறிப் போகும்போது இரண்டு கிழமைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனது. அந்த இரண்டு கிழமை முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. பழுப்பு மயிர் எங்கே விழுந்ததோ தெரியாது, வெள்ளை மயிர் முழுவதும் பச்சை வெல்வெற்றில்தான் விழுந்தது.

ஊரில் நாய் என்றால் முற்றத்தோடு சரி. வீட்டுக்குள் நாய் நடமாடும் வீட்டில் எங்கள் சனம் வாய் நனைக்கவே யோசிக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடும். அன்று காலையில் அந்த வீடு படும் பாட்டைப் பார்க்கவேண்டும். நாயைக் கீழறையில் விட்டுக் கதவைச் சாத்துவார் அக்கா. பிறகு தூசி உறிஞ்சும் வாக்குவம், பிறகு ஈரத்துணி, பிறகு ரேப். முழங்காலில் நின்று ஒவ்வொரு மயிராக ஒற்றி எடுத்துக்கொண்டே "உந்தச் சனியன் துலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்வார். விருந்தாளிகள் வந்த பிறகும் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

ஒரு ஞாயிறு, வந்திருந்த டாக்டர் ஒருவரின் மனைவி தன் பட்டுச்சேலைக் கொய்யக மடிப்பிலிருந்து ஒரு வெள்ளை மயிரை இரண்டு விரலால் எடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேநீர்த் தட்டின் விளிம்பில் வைத்தார். வடையைத் தொடவில்லை. அக்காவின் முகம் கறுத்துப்போனது. எல்லோர் முன்னிலையிலும் அண்ணையைப் பார்த்து, ஒன்றில் நாய் இருக்கவேண்டும் அல்லது தான் இருக்கவேண்டும் என்றார். அண்ணை சரியென்று தலையை ஆட்டினார். அவர் கதை குறைந்த மனிதர், சொன்னதைச் செய்பவர். நான் என் பங்குக்கு, செஸ்ரர்ஃபீல்டுக்கு உறை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

அளவெடுக்க ஒரு புதன்கிழமை போனேன். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், பஸ் முந்தி வந்துவிட்டதால் பத்தரைக்கே போய்ச் சேர்ந்தேன். மணியை அடிக்கக் கை நீட்டியபோது முன்யன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. பச்சை வெல்வெற்றின் மேல் ஒரு பழைய நூல்சேலை விரித்திருந்தது. அதன் மேல் அக்கா. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு ரஸ்டி. அக்காவின் கையில் ஊரிலிருந்து வந்த நீல வான்கடிதம். அதை அவர் நாய்க்கு வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். தங்கச்சியின் கடிதம். கிணறு இறைப்பது, யாரோ வீட்டுக் கல்யாணம், மாமாவின் கால்வலி. இடையிடையே நிறுத்தி "கேக்குதோ ராசா?" என்று குனிந்து கேட்டார். நாய் காதை அசைத்தது.

நான் கொஞ்சம் பொறுத்துத்தான் மணி அடித்தேன். உள்ளே ஒரு பரபரப்பு. கதவைத் திறந்தபோது சேலை மடிந்து எங்கேயோ போயிருந்தது, நாய் கீழறைக் கதவடியில் நல்ல பிள்ளையாக நின்றது. அக்காவின் கறுப்புக் கம்பளிச் சட்டை முழுக்க வெள்ளை மயிர். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, இதை அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. சனத்துக்கும் சொல்லாதை" என்றார். சரி என்றேன். நான் ஊசி குத்திக் கோடு போட்டு முடித்தபோது தானாகச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு அண்ணை வருமட்டும் இந்த வீட்டிலை என்ரை கதையைக் கேக்கிறவன் இவன் ஒருத்தன்தான்."

அடுத்த கிழமை உறையைக் கொண்டுபோய் மாட்டினேன். நன்றாகப் பொருந்தியது, இன்றைக்கும் சொல்வேன், நான் தைத்தவற்றில் அதுதான் திறம். இனிச் சேலை விரிக்காமலே நாய் ஏறலாம், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் முடிந்தது என்று மனதுக்குள் மகிழ்ந்தேன். ரஸ்டி ஒருமுறை பாய்ந்து ஏறி, வழுக்கி விழுந்து, அந்தக் கிறீச்சிட்ட சத்தத்துக்குப் பயந்து மேசைக்கு அடியில் போய்விட்டது. அக்கா சிரித்தார்.

அன்று மாலை அண்ணை என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் விஷயத்தைச் சொன்னார். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நாய்க்கு இடம் பார்த்துவிட்டாராம். சனிக்கிழமை காலையில் அக்கா ஆங்கில வகுப்புக்குப் போயிருக்கும் நேரம் கொண்டுபோய் விடவேண்டும், நானும் கூட வரவேண்டும். "அவவுக்கு இப்ப சொல்லாதை. வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம், நானும் சரி என்றுவிட்டேன்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. "அக்காவை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன், அண்ணை" என்றேன்.

"என்னத்தைக் கேக்கிறது? ஒவ்வொரு நாளும் சொல்லுறா, கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தவன் நான். ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பதை அந்த வயதில் பெரிய நேர்மை என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்தால் ஞாயிற்றுச் சாப்பாடு போய்விடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. ஆகவே சனிக்கிழமை காரின் பின்சீற்றில், வெட்டி மிஞ்சிய பிளாஸ்ரிக் துண்டொன்றை நானே விரித்து, நாயை ஏற்றி, பக்கத்தில் இருந்துகொண்டு போனேன். பண்ணைக்காரரின் மனைவி நல்ல மனுசி. நாயைக் கண்டதும் மண்டியிட்டுக் கட்டிப்பிடித்தார்.

வகுப்பால் வந்த அக்காவிடம் அண்ணை, கரைச்சல் முடிந்தது என்று சொன்னார். அக்கா அண்ணையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எட்டு நாள் கழித்து விருந்தாளிகள் கூடும் ஞாயிறு. டாக்டரின் மனைவி பளபளக்கும் உறையின் மேல் இருந்து வீட்டின் சுத்தத்தைப் புகழ்ந்தார். அக்கா சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. அண்ணை எடுத்து ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார். நாய் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம், நாலு நாளாக ஒன்றுமே தொடவில்லையாம். கதவடியில் படுத்தே கிடக்கிறதாம். என்ன செய்வது என்று பண்ணைக்காரி கேட்கிறார்.

அக்கா சோற்றுக் கரண்டியைச் சட்டியில் வைத்தார். தொலைபேசியில் அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை, மணி அடித்தாலே எடுக்கமாட்டார். நேரே போய் அண்ணையின் கையிலிருந்து அதை வாங்கினார். தான் சொல்வதை நாயிடம் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும் என்று வகுப்பில் படித்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக:

"சாப்பிடு, ராசா."

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னது சரிவரவில்லை போலும். அக்கா திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். தலையைக் கையால் தடவிக்கொண்டு சொல்லவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அண்ணை சுவரோடு சாய்ந்து நின்றார். ஒரு வருடமாகத் தன் வீட்டில் பகலில் என்ன நடந்தது என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு விளங்கியது. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, "இப்ப போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் அண்ணை. கார்த் திறப்புக் கொத்து அவர் கையில் இருந்தது.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தொலைபேசி மறுபடி அடித்தது. நாய் சாப்பிட்டுவிட்டதாம்.

"அப்ப அங்கையே நிக்கட்டும்" என்றார் அக்கா. "அங்கை ஓடித் திரியலாம். இங்கை வந்து ஆரும் வர கீழறைக்குள்ளை கிடக்கிறதோ?" பிறகு டாக்டரின் மனைவிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். அந்த அம்மா மறுக்காமல் சாப்பிட்டார்.

நிக்கோவின் கடை பிறகு வேறு கடையாகி, இன்னொன்றாகி, இப்போது கட்டடமே இல்லை. செஸ்ரர்ஃபீல்ட் என்ற சொல்லும் போய்விட்டது. அண்ணையும் அக்காவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ரஸ்டி பண்ணையில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. அது இருந்தவரை அந்தப் பண்ணைக்காரி காலையும் மாலையும் தட்டை வைத்துவிட்டு, தலையைத் தடவி, அந்த இரண்டு சொல்லையும் சொல்வாராம். அந்தப் பண்ணை நிலத்தில் இப்போது வரிசை வரிசையாகப் புது வீடுகள். எங்கள் சனம் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறது. ஸ்ரௌவ்வில்லுக்கு முதலில் வந்த தமிழர் யார் என்று கொண்டாட்டங்களில் விவாதம் நடக்கும், ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அந்த மண்ணில் வாழ்ந்தவர்களில் முதன்முதலாகத் தமிழ் பேசியது ஒரு வெள்ளைக்காரி, கேட்டது ஒரு நாய். இதை அறிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.