‘எங்கை போறியள்?’ என்று கேட்ட பிள்ளை

போன வருடம் மாசி மாதம், சண்டிலிப்பாயில் ஒரு கத்தரித் தோட்டத்தை விட்டு மானிப்பாய்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. என் உடைமை எல்லாம் அதற்குள்தான். காலில் ஒட்டிய செம்பாட்டு மண்ணைக்கூடக் கழுவவில்லை.

வேலை அன்று காலையில்தான் போயிருந்தது. மருந்தடிக்கிற மெசினை என் முதுகில் ஏற்றிய தோட்டக்காரரிடம், “அண்ணை, நாளைக்குச் சந்தைக்குப் போற காய்க்கு இண்டைக்கு ஏன் மருந்து?” என்று கேட்டேன். “உன்னை மருந்தடிக்கக் கூப்பிட்டனான், கதைக்க இல்லை” என்றார். மெசினைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்படி நடப்பது எனக்குப் புதிதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வவுனியாவில் அரிசி ஆலை, மன்னாரில் உப்பளம் என்று எத்தனையோ இடம் பார்த்தாயிற்று. ஆனால் அன்று வயிறு காலி. அடுத்த நாளைக்கு ஒரு வேலை பிடிக்காவிட்டால் சாப்பாடும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

வழியில் ஒரு முன்பள்ளி. வாசல் குழாயில் தண்ணீர் குடிக்கக் குனிந்தேன். கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு சின்னப் பெண்பிள்ளை, “மாமா, எங்கை போறியள்?” என்றாள்.

உடனே மற்றப் பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். “ரீச்சர், எங்கை எண்டு கேட்டிட்டாள்! எங்கை எண்டு கேட்டிட்டாள்!”

எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். ‘தூரவோ?’ என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது குட்டு விழும் என்று நினைத்தேன். நான் படித்த நாளில் அப்படித்தான் விழுந்தது.

ரீச்சர் வந்தார். இளம் பெண். குட்டவில்லை. “எங்கை எண்டு கேட்டால் என்ன நடக்கும்?” என்று பிள்ளைகளைக் கேட்டார்.

“போற காரியம் கெட்டுப்போகும்.”

“எப்பிடித் தெரியும்?”

“அம்மா சொன்னவ.”

“அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?”

ஒருவன் மூக்கைத் தோண்டினான். “அப்ப, அது உண்மையோ எண்டு எப்பிடிப் பாக்கலாம்?” என்றார் ரீச்சர்.

“இந்த மாமாவைக் கேட்டுப் பாக்கலாம்” என்றாள் அதே பிள்ளை.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ரை காரியம் காலமையே கெட்டுப்போச்சு பிள்ளை. அப்ப ஒருத்தரும் எங்கை எண்டு கேக்கேல்லை” என்றேன்.

ஏன் கெட்டது என்று விடாமல் கேட்டார்கள். மருந்துக் கதையைச் சொன்னேன். “சாப்பிடுற காய்க்கோ?” என்று முகத்தைச் சுளித்தார்கள்.

அந்த நேரம் அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக அவளுடைய அப்பப்பா, தகப்பனின் தகப்பன், மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். அவரும் ஒரு தோட்டக்காரர். செம்பாட்டு மண் ஒட்டிய என் காலைப் பார்த்தார். “தம்பிக்குத் தோட்டவேலை தெரியுமோ? எனக்கொரு ஆள் வேணும். நாளைக்கு விடிய வா. படுக்கக் கொட்டிலும் இருக்கு.”

‘ஓம்’ என்று சொல்ல வாய் திறந்தேன். பிள்ளை முந்திக்கொண்டாள்.

“அப்பப்பா, இந்த மாமா சொன்ன தோட்டக்காரர் மாதிரி நீங்களும் சந்தைக்குப் போறதுக்கு முதல் நாள் மருந்து அடிக்கிறனீங்களோ?”

மனிதரின் முகம் மாறிவிட்டது. ரீச்சரிடம் திரும்பினார். “இதைத்தானோ பிள்ளை நீர் படிப்பிக்கிறது? ஆனா ஆவன்னா எழுதப் பழக்கச் சொல்லி அனுப்பினால், கேள்வி கேக்கப் பழக்கிறீர்!”

“ஆனா ஆவன்னாவும் எழுதுவாள் ஐயா. அவள் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோவன்” என்றார் ரீச்சர். குரல் தடுமாறவில்லை. கைகளை மட்டும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

அப்பப்பா என்னைப் பார்த்தார். “தம்பி, பிள்ளையளுக்குச் சும்மா விசர்க்கதை சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டு, நாளைக்கு வேலைக்கு வா.”

சோறும் கொட்டிலும் ஒரு சொல்லுக்கு அப்பால் நின்றன. பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விசர்க்கதை இல்லை ஐயா. அதைக் கேட்டுத்தான் எனக்கு வேலை போனது. நீங்கள் அடிக்கிறேல்லை எண்டால், இல்லை எண்டு சொல்லுறதுதானே?”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. “உவனெல்லாம் வேலை செய்யிற ஆளோ” என்று முணுமுணுத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி முன்னால் இருத்தினார். “இப்ப ஏன் கோவிக்கிறியள் அப்பப்பா?” என்று அவள் கேட்டுக்கொண்டே போனது ஒழுங்கை திரும்பும்வரை கேட்டது. மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்களோ தெரியாது. ரீச்சர் மற்றப் பிள்ளைகளிடம் திரும்பி, “சரி, அடுத்தது ஆர் கேக்கப் போறியள்?” என்றார். நாலைந்து கைகள் உயர்ந்தன. நான் நடையைக் கட்டினேன்.

அன்றிரவு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் பட்டினியோடு படுத்தேன். விடிய குருநகர் கரைக்குப் போனேன். மீன்பெட்டி தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்த படகுக்காரரிடம், “நான் கேள்வி கேக்கிற ஆள். பிறகு குறை சொல்லக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“கேள் ராசா, நல்லாய்க் கேள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேள்” என்றார்.

தூக்கினேன். நாலு வயதுப் பிள்ளை சொந்த அப்பப்பாவிடமே கேட்கத் துணிந்ததைக் கண்ட பிறகு, வாயை மூடினால்தான் கிடைக்கும் என்கிற எந்த வேலையையும் நான் எடுப்பதில்லை.