என் காருக்குப் புது ஷொக்

முதுகில் ஒப்பரேசன் செய்த பிறகு, என் கணவரை மாதம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வீட்டில் கார் இருந்தது. ஓட்ட நான் இருந்தேன். ஆனால் கொண்டுபோனவர் மச்சாள், அதாவது அவருடைய அக்கா.

மச்சாள் இருப்பது வத்தேகமவில், நாங்கள் கடுகண்ணாவையில். அங்கிருந்து தன் ஜீப்பில் புறப்பட்டு, ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் வந்து, தம்பியை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புவார். அந்தப் பெரிய ஜீப் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, எரிந்ததுதான்.

காரணம் என் கார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய பழசு. குழி வருமுன்னே என் கணவர் கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொள்வார். குழியில் இறங்கியதும் கண்ணை மூடுவார். வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மச்சாளின் ஜீப்பிலோ பேராதனை வருமுன்னே நித்திரையாகிவிடுவாராம். இதை என்னிடம் சொன்னவரும் மச்சாள்தான், தானே மடியில் போட்டுத் தாலாட்டியதுபோல.

அலவத்துகொடவில், குழியில் குலுக்கலைத் தாங்கும் ஷொக், ஸ்பிரிங் மாற்றும் கராஜ் ஒன்று இருந்தது. லீவு போட்டுவிட்டுக் காரைக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ், காரின் முன்மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி அமத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

"ஷொக் முடிஞ்சி மிஸ். கேஸ் போடுவமா, ஒயில் போடுவமா? ஸ்பீடா ஓடவா, லோட் ஏத்தவா?"

"ஒராளை ஏத்த. முதுகு ஏலாதவர்."

கேஸ் ஷொக், அதாவது வாயு அடைத்தது, வளைவுகளில் காரை இறுக்கிப் பிடிக்குமாம், ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியுமாம். ஒயில் ஷொக் மெத்தென்று போகுமாம், வளைவில் கொஞ்சம் சரியுமாம். ஸ்பிரிங்குக்கு மேலே தடித்த வளையம் வைத்துக் காரைக் கொஞ்சம் உயர்த்தவும் முடியும் என்றார். உயர்த்தினால் ஜீப் உயரத்துக்கு வருமா என்று கேட்டேன்.

"வராது மிஸ். எப்பிடி ஒசத்தினாலும் இது கார்தானே."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில், மச்சாள் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெளியே போனேன். ஜீப்பின் மூலையில் பாஸ் செய்ததுபோலவே என் பாரத்தையெல்லாம் போட்டு அமத்தினேன். மெதுவாக இறங்கியது. ஒருமுறை எழும்பி அப்படியே நின்றது. நம்பாமல் இன்னொருமுறை அமத்தினேன். அப்போதும் அதே அடக்கம்தான்.

"என்ன மச்சாள், ஜீப்பில ஏதும் பிழையோ?" என்னையும் மச்சாள் என்றே கூப்பிடும் அவர், கையில் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"இல்லை மச்சாள். தூசி."

அந்தக் கிழமையே கராஜுக்குத் திரும்பப் போனேன். "ஒயில் ஷொக்கே போடுங்கோ. அமத்தினா ஒருக்கா எழும்பி நிக்கவேணும். ஆடக்கூடாது." தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றச் சொன்னேன். உயர்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் நானே அமத்திப் பார்த்தேன். சொன்னபடியே இருந்தது.

பிறகு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "இந்தமுறை நீங்கள் அலைய வேண்டாம் மச்சாள். நானே கூட்டிக்கொண்டு போறன்." சொல்லும்போதே எனக்கு இனித்தது.

கிளினிக் நாளன்று அவர் ஏறிய உடனேயே பிடியைப் பிடித்துக்கொண்டார். பிலிமத்தலாவை வந்தபோது கை மடிக்கு இறங்கியிருந்தது. பேராதனைக்குக் கிட்ட வர, கண் சொருகியது. பேசாமல் ஓட்டியிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"எப்பிடி இருக்கு?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நல்ல சுகமாயிருக்கு. அக்காட ஜீப் மாதிரியே இருக்கு."

முன்னால் ஒரு குழி கிடந்தது. நான் எப்போதும் விலத்திப் போகும் குழி. அன்றைக்கு விலத்தவில்லை. கார் மெத்தென்று இறங்கி, ஒருமுறை எழும்பி, ஆடாமல் போனது. அவர் நல்ல நித்திரை.