துரை பார்க்க வந்த வயல்

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்துவிட்டு, இரவல் பாயை விரிப்பது எங்கள் வழக்கம். அந்த மரியாதையை அப்பா ஒரு முறை வயலுக்கும் செய்தார்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். உழவர்கரைப் பக்கம் அடித்த புயல் மழையில் நட்ட நடவில் முக்கால்வாசி மூழ்கி அழுகிவிட்டது. மறுபடி நட, வீட்டில் விதைநெல் இல்லை. பயிர் போனவர்களுக்கு விதை வாங்கப் பிரெஞ்சு சர்க்கார் பணம் தரும், துரை நேரில் வந்து பார்ப்பார் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள்.

அடுத்த வயல் அம்மாவின் அண்ணனுடையது. மாமாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"மாப்ள, கெடக்கிறது கெடக்கிறபடி உடுங்க. எரும எறங்குனாக்கூட ஓட்டாதீங்க" என்றார்.

"பெரிய மனுசன் வர்றாரு. அழுவுன வயலயா காட்டுறது?" என்றார் அப்பா.

அப்பாவும் அம்மாவும் பாதையோரத் துண்டில் நின்ற தண்ணீரை இறைத்தார்கள். மற்ற இடங்களில் தப்பிப் பிழைத்திருந்த பயிரையெல்லாம் பிடுங்கி வந்து அங்கே நெருக்கி நட்டார்கள். பார்க்கப் பச்சைக் கம்பளம்போல இருந்தது. நான்தான் நாற்று முடிகளைத் தூக்கிக் கொடுத்தேன் என்பதில் எனக்கு ஏகப் பெருமை.

துரை, ஆள் தள்ளுகிற புஷ் வண்டியில் வந்து வரப்பில் ஏறி நின்றார். கூட வந்த துபாசி, "பயிரெல்லாம் எப்படின்னு துரை கேக்குறாரு" என்றான்.

அப்பா துண்டை இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். "தொர புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

துபாசி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னான். துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். நாங்கள் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார், என் தலையைத் தட்டினார், வண்டி ஏறிவிட்டார்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "கொறையே இல்லேன்னா அவன் எதுக்குய்யா பணம் குடுக்குறான்?"

"வந்தவர்கிட்ட எடுத்த எடுப்புல அழுவுறதா மச்சான்? அடுத்த பேச்சுல சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அப்பா. அந்த அடுத்த பேச்சுக்குத்தான் துரை நிற்கவில்லை.

பணம் வாங்கப் பட்டணம் போனவர்களில் மாமா உண்டு, அப்பா இல்லை. திரும்பி வந்த மாமா, வண்டியிலிருந்து ஒரு மூட்டை விதைநெல்லை எங்கள் வாசலில் உருட்டிவிட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் நான் ஓடினேன்.

"மாமா, தொர குடுத்தனுப்புனாரா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆமாண்டா மருமவனே. வயல அழகா வச்சிருந்தீங்கல்ல, அதுக்குத் தொர குடுத்த இனாம்."

அப்பா மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். அம்மா மோர் எடுத்துவர உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

இனாம் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எங்கள் வயல் பச்சை கட்டியது. மாமாவின் வயலிலோ பாதிதான் நட்டிருந்தது. மீதி புல் மண்டிக் கிடந்தது. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம மாமா சுத்த சோம்பேறிம்மா" என்றேன்.

அம்மா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்னதற்கு எதற்கு அடி, அடித்த பிறகு எதற்கு அணைப்பு என்று விளங்காமல் நான் விசும்பிக்கொண்டிருந்தேன்.