வால்வில் கட்டிய மஞ்சள் நூல்

பொரிப் பொட்டலத்தை எடுக்கத்தான் பைக்குள் கையை விட்டேன். விஜயதசமிக் காலை, ஏழரை மணி, செம்பூரில் எங்கள் மூன்றாம் மாடிச் சமையலறை. முந்தின நாள் தாராவிப் பட்டறையில் கொடுத்த ஆயுத பூஜைப் பொரி, கடலை, இரண்டு வாழைப்பழம். அதற்கு அடியில் வழவழவென்று ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். சிவப்பு அட்டை. நடுவில் மண்டையோடு. அதன் கீழே என் கையெழுத்தில், தமிழிலும் இந்தியிலும்: வால்வு மூடியிருக்கிறது, கரண்ட் போடாதே.

அது என் பையில் இருக்கக் கூடாது. தாராவியில், வாசல் சுவரில், மெயின் ஸ்விட்ச்சின் கைப்பிடியில் தொங்க வேண்டும்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் அசையவில்லை. மெஷின் போட எட்டரைக்கு நல்ல நேரம் என்று பட்டறை முதலாளி சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது.

என் வேலை இரும்பு அலமாரிகளுக்குள் எட்டிப் பார்ப்பது. மெஷின்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பேனல்கள். ஆள் உயரம், சாம்பல் நிறம், கதவைத் திறந்தால் ஒயர்களின் காடு. அந்தக் காட்டுக்குள் நான் ஒரு ப்ளாஸ்டிக் குழாயைப் பாம்பு போல ஓடவிடுவேன். சுண்டுவிரலை விட மெல்லியது. அதன் மறுமுனை பேனலுக்கு வெளியே நிற்கும் சிவப்பு சிலிண்டரில். சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்த வாயு. உள்ளே எங்காவது ஒரு முனை கனன்று தீப்பிடித்தால், அதற்குப் பக்கத்தில் ஓடும் குழாய் அந்த இடத்தில் மட்டும் இளகி வெடிக்கும். வெடித்த ஓட்டை வழியாகவே வாயு சீறித் தீயின் முகத்தில் அடிக்கும். ஆள் வேண்டாம், அலாரம் வேண்டாம். தீ தன் கையாலேயே தன் கழுத்தை நெரித்துக்கொள்ளும். இருபது வருஷமாக இதைப் பார்த்தும் எனக்கு இது ஒரு கவிதை போலத்தான் இருக்கிறது.

ஆனால் சிலிண்டரின் தலையில் ஒரு வால்வு உண்டு. அது மூடியிருந்தால் கவிதையும் இல்லை, வாயுவும் இல்லை. வெறும் குழாய்.

அந்தப் பட்டறையில் கீழே இரண்டு பெரிய எம்ப்ராய்டரி மெஷின்கள். மேலே தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய பரண், மும்பைப் பேச்சில் மாளா. அங்கே ஏழு பெண்கள் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டி, பட்டன் தைப்பார்கள். மேலே போக ஒரே ஓர் இரும்பு ஏணி. ஏணியின் காலடியில், ஒட்டினாற்போல, பேனல். பேனல் எரிந்தால் ஏணியும் தீக்குள் மாட்டும், மேலே இருப்பவர்கள் இறங்க முடியாது. முதலாளிக்கு அது தெரியும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டுக் குழாய் போட்டார்.

போன வருஷம் ஆயுத பூஜையில், பேனல் கதவைத் திறந்துவைத்து, சூடத் தட்டை உள்ளே நீட்டிச் சுற்றியிருக்கிறார்கள். குழாய் தன் வேலையைச் செய்துவிட்டது. படாரென்று வெடித்து, வெள்ளைப் புகையில் தட்டும் பூவும் பறந்து, அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று இரண்டு பேர் தெருவுக்கே ஓடினார்களாம். எனவே இந்த வருஷம் முன்கூட்டியே முதலாளியின் ஃபோன்.

"மேடம், பூசைக்கு நீங்களே வந்து அந்தச் சனியன மூடி வச்சிருங்க. சூடம் காட்டி முடிச்சதும் தொறந்துரலாம்."

போனேன். மெயினை இறக்கச் சொல்லி, வால்வை மூடி, அட்டையை மாட்டினேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், கத்தரிக்கோல்கள் எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. தொழில் சாமான் என்று முதலாளியின் ஃபோனும், பட்டறையில் கரண்ட் வேலை பார்க்கும் ஒயர்மேனின் ஃபோனும் அவற்றோடு படுத்திருந்தன, கண்ணாடியில் குங்குமப் பொட்டோடு. சூடம் காட்டி முடித்தாயிற்று. வால்வைத் திறக்கக் கையை நீட்டினேன். முதலாளியின் மனைவி அதன் கைப்பிடியில் சந்தனம் பூசி, மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தாள்.

"யக்கா, பூசையில வச்சத நாளைக்கு வரைக்கும் தொடப்படாதுல்லா."

"இது சாமான் இல்லம்மா, வால்வு."

"எல்லாம் சாமானுதான். அதுவும் ஒழைக்கத்தான செய்யுது?"

அடுத்து அவள் பார்வை அட்டையில் விழுந்தது.

"நல்ல நாளும் அதுவுமா மண்டையோட்டப் போயி வாசல்ல தொங்க விடுதீயளே. நல்லாவா இருக்கு?"

முதலாளி சிரித்தார். "சொடலமாடன் கோயில்னா பரவால்ல. இங்க லெச்சுமில்லா வரணும். மேடம், மெயின் இறக்கித்தான கெடக்கு? காலைல எட்டரைக்கு நல்ல நேரம். ஒயர்மேன் வாழக்கன்னு வாங்கப் போயிருக்கான், வந்ததும் சொல்லிருதேன். மொதல்ல வால்வு, அப்புறந்தான் மெயின். போதுமா?"

போதும் என்றேன். அட்டையை நானே கழற்றினேன். யாரும் பிடுங்கவில்லை. பொரியை வாங்கினேன், இரண்டையும் ஒரே பையில் போட்டேன், ரயில் ஏறினேன். இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முதலாளியின் நம்பரை அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. ஒயர்மேன். போயிற்று, எடுக்கவில்லை. எங்கே எடுப்பார்கள்? இரண்டு ஃபோனும் வாழையிலையில் கண்மூடிக் கிடக்கின்றன. மேலே உட்காரும் ஏழு பெண்களில் ஒருத்தியின் நம்பர்கூட என்னிடம் இல்லை. வருஷக்கணக்காக அவர்கள் கால்களுக்குக் கீழே நின்று பேனலைப் பார்த்திருக்கிறேன்.

"என்னடி, கார்த்தாலயே பேயறைஞ்சாப்ல நிக்கற?" என்றார் கணவர். பால் வாசனைக்கு எழுந்து வந்திருந்தார்.

"தாராவிக்குப் போறேன்."

"இன்னிக்கா? லீவு நாள்னா இது. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு..."

கதவு அவர் வாக்கியத்தை வெட்டியது.

கீழே ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் குளித்து, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு. தசராவன்று காலையில் வண்டிகளுக்கும் பூஜை. முதல் டிரைவர் ஊதுவத்தி சுற்றிக்கொண்டே தலையாட்டினார். "பூஜா ஹோனே தோ, மேடம்." பூஜை முடியட்டுமாம். இரண்டாமவர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவரிடம் கேட்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஐம்பதைத் தொடப்போகிறவள், புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

விடுமுறை நாள் அட்டவணை. போர்டில் வண்டி வர பதினோரு நிமிஷம் என்று காட்டியது. அது பத்தானது, பத்திலேயே நின்றது. பிளாட்பாரத்தில் எல்லாரும் புதுத் துணியில் இருந்தார்கள். வண்டி வந்தபோது அதன் நெற்றியிலும் மாலை. ஊர் முழுக்க இரும்புக்குப் பூச்சூட்டி நிற்கிறது. நான் ஒருத்தி மட்டும் மண்டையோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன்.

குர்லாவில் மாறினேன். எட்டு பன்னிரண்டு. படியேறி, படியிறங்கி, ஸ்லோ வண்டிக்காக நின்றேன். எட்டு இருபது. அந்த நிற்றலைத்தான் என்னால் எழுத முடியவில்லை. பழைய பேனல். போன சர்வீஸில் ஒரு இணைப்பு லேசாகச் சூடேறியிருந்தது, இறுக்கினேன். நன்றாக இறுக்கினேனா? இறுக்கினேன். குழாய் அதன் மேலேதான் போகிறது. போகிறது, ஆனால் வால்வு மூடியிருக்கிறது. இப்படியே வட்டம். திரும்ப அடித்தேன். மணி போயிற்று. சயான் வந்ததும் எட்டு முப்பத்தொன்று.

ஸ்டேஷனிலிருந்து தொண்ணூறடி ரோடு வழியே, அங்கிருந்து அந்தச் சந்து. ஒரு ஆள் அகலம். சந்துக்குள் திரும்பும்போதே கேட்டது: மெஷின் சத்தம். டகடகடகவென்று இரண்டு எம்ப்ராய்டரி மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் ஸ்பீக்கரில் நாதஸ்வரம்.

போட்டுவிட்டார்கள்.

வாசலில் முதலாளி கேசரிக் கிண்ணத்தோடு நின்றார். "வாங்க மேடம்! கரெக்டா எட்டரைக்குப் போட்டாச்சு. இந்தாங்க, மொத வாயி..."

"வால்வு தொறந்தீங்களா?"

கிண்ணம் நடுவழியில் நின்றது. அவர் ஒயர்மேனைப் பார்த்தார். ஒயர்மேன் என்னைப் பார்த்தார்.

"அட்ட இல்லியே யக்கா. அட்ட இல்லன்னா தொறந்தாச்சுன்னு அர்த்தம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

ஆமாம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அட்டை தொங்கினால் மூடியிருக்கிறது, தொங்காவிட்டால் திறந்திருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், அட்டையைப் பார். அந்த மனிதர் நான் சொன்னபடி அட்டையைப் பார்த்திருக்கிறார். முதலாளி அவரிடம் சொல்ல மறந்திருக்கிறார். அட்டை செம்பூரில் இருந்திருக்கிறது.

உள்ளே நுழைந்தேன். மேலே பெண்களின் பேச்சும் சிரிப்பும். பேனல் மேல் புது மாலை, கதவு சாத்தியிருந்தது. சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது, வாயு முழுதாக இருக்கிறது. வால்வின் கைப்பிடியில் நேற்றைய மஞ்சள் நூல், இறுக்கமாக மூன்று சுற்று. நகத்தால் இழுத்தேன், வரவில்லை. பல்லால் கடித்தேன். சந்தனம் கசந்தது. நூல் அறுந்தது. கைப்பிடியைத் திருப்பினேன். கால் வட்டம், அவ்வளவுதான் அதன் தூரம்.

திறந்ததும் வாயு போய்க் குழாயை நிரப்பி அமைதியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. பேனலுக்குள் புஸ்ஸென்று ஒரு சீற்றம். என் கண்ணெதிரே முள் பச்சையிலிருந்து சரிந்தது. கதவின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்தது, அதோடு ஒரு நாற்றம், கருகிய பூவும் ப்ளாஸ்டிக்கும் கலந்து.

ஒரு கணம், நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. குழாய் ஏற்கெனவே வெடித்திருக்கிறது. உள்ளே தீ இருக்கிறது.

"மெயின இறக்குங்க! எல்லாரும் கீழ இறங்குங்க! உத்தரோ, சப் நீச்சே!"

ஒயர்மேன் ஒரே பாய்ச்சலில் மெயினை இறக்கினார். மெஷின்கள் செத்தன. விளக்குகள் போயின. நாதஸ்வரம் மட்டும் பேட்டரியில் ஊதிக்கொண்டே இருந்தது. மேலேயிருந்து கால்கள். ஒன்று. இரண்டு. ஏணி ஆடியது. மூன்று, நான்கு, ஒன்றன் மேல் ஒன்றாக. "கியா ஹுவா?" "ஏட்டி, தள்ளாத!" ஐந்து. ஆறு. ஒவ்வொருத்தியையும் தோளைப் பிடித்து சந்துக்குத் தள்ளினேன்.

ஏழு வரவில்லை.

"இன்னும் ஒருத்தி எங்கே?"

"அவ காதுல மாட்டிக்கிட்டு பாட்டுக் கேப்பாக்கா," என்றாள் சந்திலிருந்து ஒருத்தி.

ஏணியில் ஏறினேன். ஆறாவது படியில் என் முழங்கால் பேனலின் தகரத்தை உரசியது. சூடு. மாளாவின் இருட்டில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, காதில் ஒயரோடு, பட்டனுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் போவது தாராவியில் ஒரு செய்தியா? காலைப் பிடித்து இழுத்தேன். அலறிக்கொண்டு திரும்பினாள்.

"யாருக்கா நீங்க? விடுங்க, நூலு அறுந்துரும்!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இறங்கு."

சந்தில் நின்று எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். ஏழு.

கால் மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு ஒயர்மேனும் நானும் பேனலைத் திறந்தோம். தீ இல்லை, வாயு அணைத்திருந்தது. நல்ல நேரத்துக்கென்று காலையில் பூசையைப் புதுப்பித்தபோது, பேனலுக்குள்ளும் ஒரு மாலை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெளித்த ஈரச் சாமந்தி. அது நழுவி இணைப்புகளின் மேல் விழுந்து, அங்கே பொறி கிளம்பியிருக்கிறது. மாலையில் பாதி கரி. பத்துப் பன்னிரண்டு ஒயர்களின் தோல் உரிந்து தொங்கிற்று. நேர் மேலே குழாயில் ஒரு கொப்புளம், கொப்புளத்தின் நடுவில் கிழிசல். வாய் பிளந்து, வராத வாயுவுக்காகக் காத்திருந்த கிழிசல். குழாயில் மிச்சமிருந்த கொஞ்சம் வாயு போன சத்தத்தை மெஷினும் நாதஸ்வரமும் விழுங்கியிருக்கும்.

"அம்மா காப்பாத்திட்டா," என்றார் முதலாளி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "நம்ம பூசை வீண் போவல."

எனக்கு அப்படியே விட்டுவிடலாம் போல இருந்தது. அம்மன் பெயரில் எழுதிவிட்டால் என் பெயர் தப்பிக்கும். பேனல் கதவின் உட்புறம் சர்வீஸ் கார்டு தொங்கியது, ஓரம் கருகி. எடுத்து எழுதினேன்: வால்வை மூடியது நான். அட்டையைக் கழற்றியது நான். கீழே கையெழுத்து. எழுதியதை அவர்கள் இருவருக்கும் சத்தமாகப் படித்தும் காட்டினேன். ஒயர்மேன் தரையைப் பார்த்தபடி, "ஈர மாலைய உள்ள போட்டது நானு. அதையும் எழுதுங்க யக்கா," என்றார். எழுதினேன்.

பையிலிருந்து அட்டையை எடுத்தபோது முதலாளியின் மனைவி கையை நீட்டினாள். கொடுக்கத் தயங்கினேன். வாங்கி, திருப்பிப் பார்த்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து, மண்டையோட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். தானே போய் மெயினின் கைப்பிடியில் மாட்டினாள்.

"இத எப்ப எடுக்கணும்?"

"புதுக் குழாய் போட்டு, சிலிண்டர் நிரப்பி, வால்வைத் திறந்த பிறகு. நான் வந்து எடுப்பேன்."

"நீங்க எடுக்கயில நானும் பக்கத்துல நிப்பேன்," என்றாள்.

சந்தில் ஏழு பேரும் சுவரோரமாக உட்கார்ந்து, அணைந்துபோன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையில் பொரிப் பொட்டலம் இன்னும் இருந்தது. பிரித்து நடுவில் வைத்தேன். காதில் ஒயர் மாட்டியிருந்தவள் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கேட்டாள்: "நூலு பாதில நிக்கி. எப்பக்கா மேல ஏறலாம்?"

"இன்னைக்கு இல்லை," என்றேன். ஃபோனை எடுத்து, முதலில் அவள் நம்பரைக் கேட்டேன்.