பல் இல்லாத தாடை

என் பிள்ளைகளே,

பெரியப்பா வைத்துவிட்டுப் போன மீன் தாடையில் ஏன் பல் இல்லை என்று கேட்டீர்கள். அன்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால், அதுதான் முன்னே வந்து நிற்கிறது.

என் அண்ணனாகிய உங்கள் பெரியப்பா காப்பாரில் பிறந்தார். எங்கள் அப்பா தவறியதும் படிப்பை விட்டு, லோரி ஓட்டி, என்னைப் படிக்க வைத்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. பகாங் பக்கம் லோடு ஏற்றிப் போகும்போது, சாலைக்காக வெட்டிய குன்றுகளில் கல்லாகிப்போன மீன்களைத் தேடுவார். அது ஒன்றுதான் அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட ஆசை. கிள்ளான் வீட்டின் பின்புறம், அந்தச் சுண்ணாம்புக் கற்களைத் தண்ணீர் கலந்த வினிகர் ஊற்றிய பேசினில் ஊறவைப்பார். கல் மெல்லக் கரையும். மீனின் எலும்பு நிற்கும். பிறகு ஊசியும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுவார்.

“தம்பி, வந்து இந்த லென்ஸ்ல பாருடா.”

“கருவாடுன்னா சம்பலாவது வைக்கலாம்ணே. இத வச்சு என்னா செய்யப் போறீங்க லா?”

“போடா, சாப்பாட்டு ராமா!” என்று சிரிப்பார். நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கடைசியாக மருத்துவமனைக்குக் கிளம்பியபோது, “பேசின் பத்திரம்டா” என்றார். அந்தத் தாடை அப்போது பேசினில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாதல்லவா? தாடையை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பேசினைப் பின்புறச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினேன். அண்ணன் சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

கருமக்கிரியை அன்று உங்கள் பெரியம்மா கேட்டார்: “பேசின் அடியில சேறு இருந்துச்சே, தம்பி?”

“லோங்காங்ல ஊத்திட்டேன் அண்ணி.”

“அதுலதான் பல்லெல்லாம் உதிர்ந்து கெடக்குன்னாரு. பிள்ளைங்களக் கூட்டி வச்சிப் பொறுக்கணும்னு இருந்தாரு.” பிறகு அவரே, “போவட்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

தெரிந்துகொள்ளத்தானே அண்ணன் அத்தனை முறை கூப்பிட்டார்!

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும், தோள் கொடுத்த லோரி நண்பர்களுக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

கருமக்கிரியை முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் மட்டும் பின்புறம் போய், லோங்காங்கின் அடிமண்ணை அள்ளி டீ வடிகட்டியில் அலசினேன். கறுப்பாகச் சில துணுக்குகள் தங்கின. அண்ணனின் லென்ஸை எடுத்துவந்து குனிந்து பார்த்தேன். எது மணல், எது பல் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றையும் எறியாமல், நீங்கள் வந்து பொறுக்கட்டும் என்று, பேசினில் நல்ல தண்ணீர் பிடித்து அவ்வளவையும் ஊறவைத்தேன்.