ரம்பங்கள் கப்பலேறிய வருஷம்

பாம்பூஃப்ளாட் மர அறுவை ஆலையில் ரம்பங்களுக்குப் பல் தீட்டியே பதினெட்டு வருஷம் கழித்தவர் தங்கையா. ராமநாதபுரத்துக்காரர். முன்கோபி. ஆனாலும் ஆலையில் எந்த விவகாரம் என்றாலும், "தங்கையா அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

1958இல் போனஸுக்குப் பதிலாகக் கம்பெனி ஆளுக்கு ஐம்பது பங்குகள் கொடுத்தது. "பணமாக் குடுக்க வக்கில்ல, காகிதத்த நீட்டுறான்" என்று அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டு, பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார்.

பதினோரு வருஷம் கழித்து, ஆலையையும் இரண்டு மோட்டார் படகுகளையும் கம்பெனி விற்றுவிட்டது. கணக்குத் தீர்த்து எல்லோரையும் அனுப்பினார்கள். தான் பல் தீட்டிய ரம்பங்கள் அக்கரை ஹேடோ துறைமுகத்தில் கப்பலேறுவதைத் தங்கையா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இந்தத் தீவில் அரிசியும் கப்பலில்தான் வரும், கடிதமும் கப்பலில்தான் வரும். மெயின்லேண்டுக்கு ஏறிப்போன சரக்கு திரும்பி வந்ததே இல்லை.

"கம்பெனி கதம். மெஷினே போயாச்சு, இனி அந்தக் காகிதத்துல என்னடா இருக்கு? வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்றார்.

கல்கத்தா பங்குச் சந்தையிலும் இதே பீதிதான். எட்டு ரூபாய்ப் பங்கு மூன்றுக்கு விழுந்தது. ஹேடோ கான்ட்ராக்டர் பக்தவத்சலம் படகேறி வந்து, அந்த மூன்று ரூபாயைக் கையில் வைத்தார். தங்கையா முதலில் விற்றார். அவர் பேச்சைக் கேட்டுக் கண்ணையா உட்படப் பதினோரு பேர் விற்றார்கள். மரத்தூள் அள்ளும் சுப்பம்மாளால் மட்டும் விற்க முடியவில்லை. பத்திரம் செத்துப்போன புருஷன் பெயரில் இருந்தது. பெயர் மாற்றக் கம்பெனியின் கல்கத்தா ஆபீசுக்குப் போன காகிதம் வந்தபாடில்லை. "உன் தலையெழுத்து" என்று அவள்மீதும் எரிந்து விழுந்தார்.

மெஷினை விற்றால் வாங்கியவன் சும்மாவா கொண்டுபோவான்? அந்தப் பணம் எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அது கம்பெனி பெயரில் பாங்கில் கிடந்தது. கடன் எதுவும் இல்லை; பங்குக்குப் பிரித்தால் பதினான்கு ரூபாய் தேறும். பதினான்கு ரூபாய்ப் பணத்தை மூன்று ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள், பாவிகள்.

நாலு மாதம் கழித்துச் சுப்பம்மாள் ஒரு கடிதத்தோடு வந்தாள். பெயர் மாறிவிட்டது. கையிருப்பிலிருந்து பங்குக்குப் பன்னிரண்டு ரூபாய் பட்டுவாடா என்று அதில் இருந்தது. தங்கையா படித்து முடித்த கையோடு படகைப் பிடித்தார்.

"தெரிஞ்சேதான ஏமாத்துன?" பக்தவத்சலத்தின் கடை வாசலில் நின்று கத்தினார்.

பக்தவத்சலம் அசரவில்லை. "ஏமாத்துறதுக்கு என்ன இருக்கு? ஆலை என்ன விலைக்குப் போச்சு, பாங்கில எவ்வளவு கிடக்குதுன்னு கம்பெனி ரிப்போர்ட்ல அச்சடிச்சு அனுப்பிருந்தான். பங்கு வச்சிருந்த எல்லாருக்கும் வந்துச்சே. உங்களுக்கு வரலையா?"

வந்தது. ரம்பங்களை ஏற்றிப்போன அதே கப்பல்தான் அதைக் கொண்டு வந்தது. 'போறவன் என்னத்த எழுதியிருக்கப் போறான்' என்ற கோபத்தில் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரிமேல் எறிந்தவர் தங்கையாதான். திரும்பும் படகில் பக்தவத்சலத்தை வாயாரத் திட்டினார். பாதி வழியில் திட்டு நின்றுவிட்டது. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

சுப்பம்மாள் பட்டுவாடா படிவத்தோடு அவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். தங்கையா அதைப் பூர்த்தி செய்து, அவள் கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினார்.

"மத்தவங்களுக்கும் இதே பணம் வரும்தானண்ணே?" என்று கேட்டாள். "கண்ணையா வீட்ல ரொம்பக் கஷ்டம். போற வழியில சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லாத. அவனுக்குக் கெடையாது. யாருக்கும் கெடையாது. நான்தான் விக்கச் சொன்னேன்."

தங்கையா எழுந்து, பிரிக்காத உறையை எடுத்துக்கொண்டு, கண்ணையாவின் வீட்டுக்கு நடந்தார்.