டிரில் டீச்சர் கேட்ட கேள்வி

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளியில் ஒரு டிரில் டீச்சர் இருந்தார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். மாணவிகளைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

கணக்கு வாத்தியார் நோட்டுத் திருத்தும் சாக்கில் என் இடுப்பைத் தொட்டதை டிரில் டீச்சரிடம்தான் அழுதுகொண்டே சொன்னேன். உடனே தலைமை ஆசிரியரிடம் அழைத்துப்போனார்.

“வெளிய தெரிஞ்சா உனக்குத்தாம்மா அசிங்கம். வேற செக்‌ஷனுக்கு மாத்திடுறேன்,” என்றார் தலைமை ஆசிரியர்.

“தப்பு செஞ்சது யாருங்க சார்? இவங்க ஏன் மாறணும்?” என்று டீச்சர் கேட்டார். “நீங்க விசாரிக்கலன்னா, இவங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு நானே கல்வி அதிகாரிகிட்ட போறேன்.”

தலைமை ஆசிரியர் விசாரிக்கவில்லை. டீச்சர் எங்கள் ஊரான நெரவியிலிருந்து அம்மாவை வரவழைத்து, எங்களை அதிகாரியிடம் கூட்டிப்போனார். நடந்ததை நானே சொன்னேன். பிறகு மற்ற மாணவிகளும் வாய் திறந்தார்கள். வாத்தியாரின் வேலை போயிற்று. நான் என் வகுப்பிலேயே படித்தேன்.

அப்போது டீச்சரின் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்ததோ, இன்றும் புரியவில்லை. அவர் பக்கத்தில் நின்று பேசியவள் நான் என்று மகளிடம் சொல்லும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.